ஆறு மைல் ஆழமும் ஒரு பாதாளக் கரண்டியும்

இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்றால் உங்களுக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கிறதாமே, கேள்விப்பட்டேன். கரைக்கட்டும். எனக்கும் வேலையில் இருந்த காலமெல்லாம் கரைத்தது. பெஞ்சைத் துடைப்பது எப்படி, சுவரில் படம் மாட்டுவது எப்படி, பிள்ளைகளின் நகத்தைப் பார்ப்பது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. தெரியாவிட்டால் ஆயாவைக் கேளுங்கள். நம் எல்லோரையும்விட அதிக இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவள் அவள்தான். நான் சொல்ல வந்தது வேறு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையுமே, அந்த நிமிஷத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது, வாயை என்ன செய்வது என்பது பற்றி. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அதில் சமுத்திரத்தின் அடித்தளம் வருகிறது, நம் பள்ளிக்கூடத்துக் கிணறும் வருகிறது.

அப்போது நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரைதான். எட்டாம் வகுப்பு திறக்க மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். எட்டு முடித்த பெண் டிரெயினிங் போகலாம், டீச்சராகலாம். ஏழோடு நின்றவளுக்கு வீட்டு வேலை, இல்லாவிட்டால் மில். பட்டாளத்துத் தண்டுப் பக்கத்தில் அப்படி நின்று போன பெண்களை எனக்கு நிறையத் தெரியும், சந்தையில் பார்த்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த வருஷம் என் ஏழாம் வகுப்பில் பிலோமினா என்று ஒருத்தி இருந்தாள். ஒல்லி உடம்பு, எண்ணெய் போதாத தலை, வாயில் ஓயாத கேள்வி. அவள் அப்பா ஜட்கா ஓட்டுகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் குதிரைக்குக் கொள்ளு வாங்குவதா, பெண்ணுக்குப் புத்தகம் வாங்குவதா என்பது அவருக்கு மாதாமாதம் வருகிற கேள்வி. மில்லில் நூல் சுற்றும் இடத்தில் பெண்ணுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். எட்டாம் வகுப்பு வந்தால் படிக்கட்டும், வராவிட்டால் கோடை லீவு முடிந்ததும் மில் என்று என்னிடமே சொல்லிவிட்டார். ஆகவே அந்த இன்ஸ்பெக்‌ஷன் எங்களுக்கு வெறும் இன்ஸ்பெக்‌ஷன் அல்ல.

வரப்போகும் இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் புதியவர், சென்னைப் பக்கத்துக்காரர். மனப்பாடம் ஒப்பித்தால் அவருக்கு ஆகாது, கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் படிக்க வேண்டும் என்பாராம். பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் நதிகளின் பெயரைக் கோரஸாகச் சொல்ல ஆரம்பித்தபோது எழுந்து வெளியே போய்விட்டாராம். எனக்கு அவர் முன்னால் நடத்த வாய்த்த பாடமோ சமுத்திரம். கண்ணால் பார்க்க நம் ஊரில் சமுத்திரத்துக்கு எங்கே போவது? என் பிள்ளைகள் பார்த்த பெரிய தண்ணீர் அல்சூர் ஏரி. அதுவும் கோடையில் எருமை முழங்கால் நனையாமல் நடந்து போகும்.

முதல் நாள் நான் கரும்பலகையில் 'மிக ஆழமான கடல், ஆறு மைல்' என்று எழுதினேன். பிள்ளைகள் ஆறு மைல் என்று எழுதிக்கொண்டார்கள். ஆறு முழம் என்று எழுதியிருந்தாலும் அதே முகத்தோடு எழுதிக்கொண்டிருப்பார்கள். பிலோமினாதான், ஆறு மைல் என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். இங்கிருந்து பசவனகுடி நந்தி கோயில் வரை என்றேன். அவள் வாயைப் பிளந்தாள். கடலைக்காய்ப் பரிஷைத் திருவிழாவுக்கு அப்பா வண்டியில் அங்கே போயிருக்கிறாளாம், வழியில் குதிரை இரண்டு தடவை நின்றுவிட்டதாம்.

"அந்தத் தூரத்தையா டீச்சர் அப்படியே நட்டமா நிக்க வெச்சிருக்குது?" என்றாள்.

அதன் பிறகு வகுப்பு விழித்துக்கொண்டது. பள்ளிக் கிணறு ஐம்பது அடி சொச்சம். ஒரு கிணற்றுக்குக் கீழே இன்னொரு கிணறு என்று அடுக்கினால் ஆறு மைலுக்கு எத்தனை கிணறு என்று அவர்களே கணக்குப் போட்டு, அறுநூறைத் தாண்டியதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் ஊரே கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இருக்கிறதே, அப்படியானால் நமக்கு அது இன்னும் ஆழம்தானே என்று ஒருத்தி கேட்டாள். அங்கே வெயிலே போகாது, எப்போதும் இருட்டு, குளிர், மேலே இருக்கும் தண்ணீரின் பாரம் இரும்பையும் நசுக்கும் என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். சில மீன்கள் தம் உடம்பிலேயே விளக்கு வைத்துக்கொண்டு திரிகின்றன என்றும் சொன்னேன்.

பக்கத்து அறையில் தையல் வகுப்பு நடக்கும். தையல் டீச்சரை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நாக்கு மட்டும் ஊசியைவிடக் கூர்மை. நடுச்சுவரில் பாதிவரைதான் செங்கல், மேலே தட்டி. நான் சொல்வதெல்லாம் அவருக்குக் கேட்கும். யாருமே பார்க்காத இடத்தில் மீனுக்கு எதற்கு விளக்கு, எதற்கு அழகு என்று பிலோமினா கேட்டபோது நான் திணறினேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"ஏன், யாரும் பாக்காத உள்மடிப்பை நீ கோணலாத் தச்சா நான் பிரிக்கச் சொல்றேனா இல்லையா? அதுமாதிரிதான்."

இறையியல் படித்தவர்கள்கூட அந்தக் கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாடத்தைக் கிணற்றடிக்குக் கொண்டு போகலாம் என்கிற யோசனை என் தம்பியால் வந்தது. அவன் சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தான். லீவில் வந்தவன், கப்பல்காரர்கள் ஆழம் பார்க்கும் விதத்தைச் சொன்னான். கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி. குழியில் கொழுப்பை அப்பி வைப்பார்கள். குண்டு தரையைத் தொட்டால் மண்ணோ மணலோ சிப்பியோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். பெரிய ஆழத்துக்குக் கயிறு போதாது, மைல் கணக்கில் எஃகுக் கம்பி வேண்டும். இப்போதெல்லாம் சத்தத்தை அனுப்பி அது திரும்பி வருவதைக் காதால் கேட்டே ஆழத்தைச் சொல்கிறார்கள் என்றும் சொன்னான். அதை நான் நம்பவில்லை. தம்பிகள் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும்.

குண்டுக்குப் பதில் வளையம் வைத்த இரும்பு எடைக்கல், கொழுப்புக்குப் பதில் துணி சோப்பு. ஒத்திகை பார்த்தோம். கயிற்றில் முழத்துக்கொரு முடிச்சு. பிள்ளைகள் முறைபோட்டு இறக்கினார்கள். கிணற்றின் நடுவில் கருஞ்சேறு ஒட்டிக்கொண்டு வந்தது, ஓரத்தில் செங்கல் தூள். கடலின் அடியிலும் பெரும்பாலும் சேறுதான், மேலே செத்துப்போகும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளின் ஓடுகள் காலங்காலமாகச் சொரிந்துகொண்டே இருக்கின்றன என்றேன். முத்தும் பவளமும் எதிர்பார்த்திருந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் பாடம் பிடித்துவிட்டது. எனக்கும் தலைக்குக் கொஞ்சம் கனம் ஏறியது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஒரு பழமொழி இருக்கிறதே, ஆழத்தைப் பற்றிய பாடத்துக்கே அது பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று தலைமையாசிரியைக்குக் காய்ச்சல். பள்ளிப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். நெடிய உருவம், சுருக்கமில்லாத வெள்ளைப் புடவை, தோளில் ஒரு ஊக்கில் மாட்டிய சின்னத் தங்கக் கடிகாரம். இடது முழங்கையில் ஒரு பெரிய கறுப்புக் குடையைக் கைப்பிடியால் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். நம் ஊர் மழையைப் பற்றி யாரோ நன்றாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மற்ற வகுப்புகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏழாம் வகுப்பு எங்கே என்றார். கிணற்றடியில் என்றேன். புருவம் கொஞ்சம் உயர்ந்தது, ஆனால் வந்தார்.

பாடம் ஜோராக நடந்தது. கயிறு இறங்கியது, முடிச்சை எண்ணினார்கள், கல் மேலே வந்தது, சோப்பில் சேறு. ஒருத்தி அதை இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளின் மூக்குக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பின்வாங்காமல் குனிந்து பார்த்தார், தாம் சமுத்திரக் கரையிலே பிறந்து வளர்ந்தும் அதன் அடியைப் பற்றி இப்படி யோசித்ததில்லை என்றார். எட்டாம் வகுப்பு கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். எடைக்கல்லைக் கிணற்றின் கட்டைச் சுவர்மேல் வைத்தோம். அவர், தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்துக் குனிந்து எட்டிப் பார்த்தார்.

ப்ளக் என்று கீழே ஒரு சத்தம்.

அவர் கை தோளுக்குப் போனது. ஊக்குத் திறந்திருந்தது. கடிகாரத்தைக் காணோம்.

கிணற்றடியில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். தண்ணீரில் வளையங்கள் விரிவதையும் பார்த்தோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. கடிகாரம் அவர் அம்மா கொடுத்ததாம், அம்மா இப்போது இல்லையாம். அதை அவர் தணிந்த குரலில் சொன்னபோது எனக்கு என் எட்டாம் வகுப்பு, பிலோமினா, மில் எல்லாம் மறந்து, ஐயோ பாவம் என்றுதான் இருந்தது. உடனே அடுத்த மூச்சில் எல்லாம் நினைவுக்கும் வந்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கேதான் முதல் விஷயம். நெருக்கடி வந்தால் டீச்சர் செய்கிற முதல் தப்பு பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்புவது. வாய் வரைக்கும் வந்துவிட்டது, "எல்லாரும் உள்ளே போங்க!" என்று. அனுப்பியிருந்தால் ஒரு கிணறு, அழாத குறையாக ஒரு இன்ஸ்பெக்டிரஸ், கையைப் பிசையும் ஒரு டீச்சர், அவ்வளவுதான் மிச்சம். பாடம் அங்கேயே செத்திருக்கும். தம்பி சொன்னதில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. கப்பல்காரர்கள் ஆழம் பார்ப்பதோடு நிற்பதில்லை, அடியை வாரியும் பார்ப்பார்கள். பிள்ளைகளிடம் திரும்பி, ஆழம் பார்த்தாயிற்று, இனி அடியில் கிடப்பதை எடுக்கிற பாடம் என்று சொன்னேன்.

எடுப்பதற்குப் பாதாளக் கரண்டி வேண்டும். ஒரு வளையத்தில் கொத்தாகக் கொக்கிகள் தொங்குமே, கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்க, அது. நம் பள்ளியில் இல்லை. தெருவிலேயே ஒரு வீட்டில்தான் இருந்தது, பக்கத்து முதலியார் வீட்டில். அந்த வீட்டு அம்மாள் கரண்டியைக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார், ஆனால் ஊர் வழக்கப்படி ஈடாக ஒரு பாத்திரம் வைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் கரண்டி ஒவ்வொரு கிணறாகப் போய்த் தெருக்கோடியில் துருப்பிடித்துக் கிடக்கும். நான் தையல் டீச்சரை அனுப்பினேன். அவர் கரண்டியோடு திரும்பி வந்தார். என்ன ஈடு வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல பாத்திரம் எங்க இருக்குது? மணியைக் கொடுத்துட்டு வந்தேன். பித்தளைதானே."

மணியை அடகு வைத்தால் பீரியட் எப்படி முடியும், பள்ளி எப்படி விடும் என்று யோசிக்க அப்போது எனக்கு நேரம் இல்லை. மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் மணியடிக்கும் என்று காத்துக் காத்து, ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்களாம். மூன்றாம் வகுப்பு அன்று பதினாறாம் வாய்ப்பாடுவரை போய்விட்டது.

கரண்டி இறங்கியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். முதலில் ஒரு தூக்குவாளி, மூடியில்லாமல். பிறகு காது போன ஈயச் செம்பு. பிறகு யாரோ எப்போதோ தொலைத்த ஒரு வெள்ளிக் கொலுசு. அதற்கு உரியவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்று ஆயா சொன்னாள். ஒவ்வொன்றையும் பிள்ளைகள் வரிசையாகச் சுவரில் வைத்து, நடுவில் கிடைத்தது, ஓரத்தில் கிடைத்தது என்று பிரித்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளும் தம்மை அறியாமல் அந்தக் கொலுசைக் கையில் எடுத்துச் சேற்றைத் துடைத்துப் பார்த்தார்.

அடுத்து வந்தது என் ரூல்தடி. கருங்காலி மரம், ஆகவே மிதக்காது. மாட்டி வைக்க நுனியில் கட்டியிருந்த கயிறு கொக்கியில் சிக்கிக்கொண்டது. அதற்கு முந்தின வருஷம் பிள்ளைகளின் விரல் கணுவில் நான் அதை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தினேன் என்பது அப்போது அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் தெரியும். திடீரென்று ஒரு நாள் அது காணாமல் போயிருந்தது. மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். அந்த மூன்று பேர் யார் என்று நான் பார்த்துக்கொண்டேன். இது எப்படிக் கிணற்றுக்குள் போனது என்று இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் என்னைக் கேட்டார்.

"சமுத்திரத்து அடியில இருக்கிற எல்லாத்துக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியறதில்லைம்மா," என்றேன்.

தையல் டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து நான் ரூல்தடி வைத்துக்கொள்ளவில்லை, தேவையும் படவில்லை. அந்த மூன்று பேரும் வருஷம் முடியும்வரை என் பேச்சைத் தட்டவில்லை.

ஆனால் கடிகாரம் வரவில்லை. வெயில் இறங்கி மேகம் கூடத் தொடங்கியது. கரண்டி போய்ப் போய் வந்தது, பிள்ளைகளின் உள்ளங்கை சிவந்துவிட்டது. இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளின் பொறுமை அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் அவர் பிள்ளைகளைப் பார்த்து, கடிகாரம் கிணற்றில்தானே இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டார். பிள்ளைகளுக்குத்தான் தெரியுமே, பெரியவர்கள் அழாத குறையாக நிற்கும்போது என்ன சொல்ல வேண்டுமென்று. இருக்கிறது அம்மா, வந்துவிடும் அம்மா என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். நானும் அவர்களோடு தலையை ஆட்டினேன். பிலோமினா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார். நீ ஏன் பேசவில்லை என்றார்.

"தெரியாதும்மா," என்றாள் பிலோமினா.

"என்ன தெரியாது? சத்தம் கேட்டுதா இல்லியா?"

"கேட்டுதும்மா. ஆனா சத்தம்தானே கேட்டுது. கரண்டி தொட்ட எடத்துல கடியாரம் இல்லைன்னு மட்டும்தான் தெரியும். தொடாத எடம் எவ்ளோ இருக்குது. கடல்லயும் அப்படித்தானேம்மா, கயிறு விட்ட எடம் கொஞ்சம், விடாத எடம்தான் எல்லாம். உள்ள இருக்குதுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

என் வாழ்க்கையில் ஒரு மாணவி சொல்லி நான் கேட்ட மிக நல்ல பதில் அது. சொன்ன நேரம்தான் மிக மோசமான நேரம். அம்மாவின் நினைவாக வைத்திருந்த பொருளைத் தொலைத்த மனுஷியிடம், அது எங்கே இருக்கிறது என்றே சொல்ல முடியாது என்று ஒரு குழந்தை சாவகாசமாக விளக்குகிறது! இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளின் முகம் இறுகியது. பாடம் போதும் என்றார். நிற்காமல் நடந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் பிலோமினாவின் அப்பா ஜட்காவோடு நின்றிருந்தார். பள்ளி விடவில்லையே என்று பார்க்க வந்தவர், கையோடு முடிவையும் தெரிந்துகொண்டு போகலாமென்று நின்றுவிட்டார். என்னைப் பார்த்ததும் நேராகக் கேட்டுவிட்டார்.

"கிளாஸ் தொறக்குறாங்களா டீச்சரம்மா? மில்லு மேஸ்திரி இன்னிக்குப் பதில் கேட்டிருக்காரு."

நான் பதில் சொல்லுமுன் இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளே திரும்பினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பாடம் புதுமையாக இருந்தது, ஆனால் பள்ளியில் கட்டுப்பாடு போதாது, மணிகூட அடிக்கவில்லை, பெரியவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வதென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, எட்டாம் வகுப்பை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம் என்றே எழுதப் போவதாகச் சொன்னார். ஜட்காக்காரருக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனால் அந்தப் பாதி போதுமானது. அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றார். எங்கள் பின்னால் பிலோமினாவும் வந்து நிற்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம்.

அப்போது தூறல் விழுந்தது. நம் ஊர்த் தூறலுக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் முழங்கையிலிருந்த குடையைக் கழற்றினார். அதை அவர் பட்டி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கவில்லை. மடிப்பெல்லாம் தளர்ந்து, கைப்பிடிப் பக்கம் வாய் திறந்து ஒரு பை போலத் தொங்கிக்கொண்டிருந்ததை அத்தனை நேரமும் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். குடையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்தார். உள்ளிருந்து கடிகாரம் நழுவி அவர் தோளில் பட்டு, என் காலடியில் புல்லில் விழுந்தது.

குதிரை தும்மியது.

இரண்டாவது விஷயம் இதுதான், இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நிமிஷத்தில் என் நாக்கின் நுனியில் என்னென்ன வாக்கியங்கள் வந்து நின்றன என்று உங்களுக்குச் சொன்னால் என்னை மரியாதையாக நினைக்க மாட்டீர்கள். 'பார்த்தீர்களா அம்மா, பிள்ளை சொன்னது' என்பதுதான் அவற்றில் மிகவும் மென்மையானது. வாயைத் திறந்தேவிட்டேன். தையல் டீச்சர் எப்போது பக்கத்தில் வந்தாரோ தெரியாது, என் முழங்கைச் சதையை இரண்டு விரலால் பிடித்து ஒரு திருகு திருகினார். நீலம் பாய்ந்து ஒரு வாரம் இருந்தது. நான் குனிந்து கடிகாரத்தை எடுத்துத் தலைப்பில் துடைத்து, ஒரு வார்த்தை பேசாமல், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையில் கொடுத்தேன். வென்றது நாமென்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பதைப்போலக் கஷ்டமான வேலை நம் தொழிலில் வேறு இல்லை. அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு வெட்கம் வந்திருக்கும், வெட்கப்பட்ட அதிகாரி நல்லது எழுத மாட்டார்.

அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது. பிறகு குடையைச் சாய்த்து, பிலோமினாவை அருகில் கூப்பிட்டார்.

"கிணத்துல இல்லைன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துதா?"

"இல்லைன்னு நான் சொல்லலைம்மா. தெரியாதுன்னுதான் சொன்னேன்."

"குடையில இருக்கும்னு தோணிச்சா?"

"அதுவும் தெரியாதும்மா."

இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் சிரித்தார். அந்த நெடிய உருவத்துக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு, சத்தம் கேட்ட பதினைந்து பேரில் இவள் தவிர எல்லோரும் இருக்கிறதென்றார்கள், தாமும் அப்படியே நம்பியாயிற்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையாவது படித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஜட்காக்காரர் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரிகிட்ட உங்க பொண்ணு வராதுன்னு சொல்லிடுங்க. எட்டாங்கிளாஸ்ல அவளுக்கு வேலை இருக்கு."

ஜட்காக்காரர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார், மழையில். தம் வண்டியிலேயே இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளை ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கூலி வாங்க மறுத்துவிட்டாராம்.

மணியை மீட்டுக்கொண்டு வர நான் கரண்டியோடு முதலியார் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் வளையத்தைத் திருப்பித் திருப்பி, கொக்கி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தேடியது கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது, ஆனால் கிணற்றில் இல்லை என்றேன். அப்படியானால் கரண்டிக்கு ராசி இல்லை என்று ஊரில் சொல்லிவிடாதே என்று எச்சரித்து மணியைக் கொடுத்தார். வாசலில் நின்றே அடித்தேன். மூன்றாம் வகுப்பு கூச்சலோடு வெளியே ஓடி வந்தது.

எட்டாம் வகுப்பு அடுத்த வருஷம் வந்தது. பிலோமினா அதை முடித்து டிரெயினிங் போனாள். இப்போது கோலார் தங்கவயல் பக்கத்தில் ஒரு பள்ளியில் இருக்கிறாள். அங்கே சுரங்கம் நம் கிணற்றைவிட ரொம்பவே ஆழம், ஆகவே பாடம் நடத்த அவளுக்கு எடைக்கல்லும் சோப்பும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு நம் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் கூடிக்கொண்டே போனதால் அதன்மேல் புது அறை கட்ட வேண்டியதாயிற்று. நீங்கள் இப்போது சமுத்திரப் பாடம் நடத்துகிற எட்டாம் வகுப்பு அறைதான் அது. கரும்பலகைக்கு முன்னால், டீச்சர் நாற்காலி போட்டிருக்கிற இடத்துக்கு நேர் கீழேதான் கிணறு இருந்தது.

அன்று ப்ளக் என்று விழுந்தது என்ன என்று தையல் டீச்சரும் நானும் வெகுநாள் தர்க்கம் செய்தோம். அவர் தவளை என்றார். நான் கட்டைச் சுவரின் காரைத் துண்டு என்றேன். எதுவானாலும் அது இன்னும் உங்கள் நாற்காலிக்குக் கீழேதான் கிடக்கிறது. பிள்ளைகள் யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள்.